கை பட்டதா

போன மாதம் செல்வி போன் செய்தாள். நான் வேலை பார்த்த கலைக்கூடத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்.

"அக்கா, நம்ம பழைய நோட்டையெல்லாம் அலமாரியில இருந்து எறக்கினோம். ஒரு பக்கத்துல 'இல்லை'ன்னு எழுதி, அடிச்சுட்டு, பக்கத்துல பொடிசா என்னமோ எழுதியிருக்கீங்க, மை மங்கிப் படிக்க வரல. என்ன நடந்துச்சுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. அந்தச் சிற்பி அம்மாவோட கண்காட்சி மறுபடி நடக்குது. நீங்க அந்தப் பக்கத்துல எழுதியிருக்கிற ஏழாம் நம்பர் கல்லும் வந்திருக்கு. வந்து பாருங்க. அப்படியே அதை எழுதியும் குடுங்க. கண்காட்சிக்கு ஒரு மலர் போடுறோம், அதுல சேத்துக்கிறோம்."

வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் வரமாட்டேன் என்றிருப்பேன். எழுதச் சொன்னதால் சரி என்றேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்வாள்.

மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தவள் நான். மில்லை மூடியதும் இந்தக் கூடத்துக்குக் கூட்டிப் பெருக்க வந்தேன். பழனி ரோட்டில் ஒரு டிரஸ்ட் கட்டிய கூடம் அது. மேலே உயரமான ஜன்னல், கீழே வழவழப்பான தரை. ஓவியம், சிற்பம் என்று வருஷத்துக்கு நாலைந்து கண்காட்சி நடக்கும். முதல் ஒரு வருஷம் தரையை மட்டும்தான் துடைத்தேன். பொருள்களின் பக்கம் போக விடவில்லை. அதன்பிறகுதான் சந்தானம் சார் என்னை உள்ளே எடுத்தார்.

சந்தானம் சார் கூடத்துக் கண்காணிப்பாளர். மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரெண்டு தடவை துடைப்பார். காலையில் போனதும் அவர் முன்னால் ரெண்டு கையையும் நீட்ட வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம் இருக்கிறதா என்று பார்ப்பார். வளையலைக் கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

மரமோ கல்லோ, மேலிருந்து கீழாக ஆட்டு ரோமப் பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். துணி கூடாது, நூல் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் கூடவே கூடாது. இரும்பு என்றால் கையுறை போட வேண்டும். இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு தடவை வளைந்த இரும்புத் தகடு ஒன்றைச் சாயாமல் வெறும் கையால் பிடித்தேன். இருபது நாள் கழித்து என் நாலு விரலும் அதில் பழுப்பாக முளைத்துவிட்டன. வேர்வை உப்பு துருவாக வந்திருந்தது.

சார் என்னைக் கூப்பிட்டு, "பாண்டியம்மா, உன் கையைக் காட்டு" என்றார். காட்டினேன். தகட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "போலீஸ் எதுக்கு, இரும்பே சொல்லுது பாரு" என்றார். அவ்வளவுதான். அந்தத் தகட்டைச் செய்தவர் வந்து எண்ணெயைத் தொட்டு மெல்லத் துடைத்து எடுத்தார். கறை போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரும்புக்கு எண்ணெய் நல்லது என்று மனசில் பதிந்தது அன்றைக்குத்தான்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். பொருள் எண், காலையில் எப்படி இருந்தது, மாலையில் எப்படி இருக்கிறது, கை பட்டதா என்று நாலு கட்டம் போட்ட நோட்டு அது. தினமும் நான்தான் எழுத வேண்டும். கை பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' அல்லது 'இல்லை'. ஆம் என்றால் எதுக்காக என்றும் எழுத வேண்டும். மாலையில் சார் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். நன்றாக இருந்தாலும் அதேதான், கெட்டுப்போயிருந்தாலும் அதேதான்.

சிற்பி அம்மாவின் முதல் கண்காட்சிக்குப் பத்துப் பொருள் வந்தது. எதற்கும் கை கால் முகம் கிடையாது. ஒன்று மடித்த இரும்பு. ஒன்று கம்பிக் குவியல். ஏழாம் எண் ஒரு கருங்கல். என் இடுப்பு உயரம் இருக்கும், தலை சாய்ந்தாற்போல் நிற்கும். ஒரு பக்கம் இழைத்து இழைத்துக் கறுப்புத் தண்ணீர் மாதிரி மின்னும். மறு பக்கம் உளியால் கொத்தி அப்படியே விட்டது. புதிதாகக் கொத்திய அம்மி எப்படி வெளுத்து இருக்கும், அந்த மாதிரி. எல்லாவற்றுக்கும் கீழே சீட்டில் 'தலைப்பில்லை' என்று போட்டிருந்தது.

வருகிறவர்கள் என்னிடம் இது என்ன என்று கேட்பார்கள். நாம் அர்த்தம் சொல்லக் கூடாது, சீட்டைக் காட்டினால் போதும் என்று சார் சொல்லியிருந்தார். அது எனக்கு வசதிதான். பேசாமல் சீட்டைக் காட்டிவிட்டு நிற்பேன்.

கண்காட்சி தொடங்கி ஒரு வாரம் இருக்கும். வெள்ளிக்கிழமை. வெளியே நல்ல வெயில். அகரம் பக்கத்துப் பெண்கள் ஒரு வேன் நிறையக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கூடத்தின் முன்னால் இறங்கினார்கள். வாசலில் மாரியப்பண்ணன் காவல். தண்ணீர் கேட்டவர்களிடம், "உள்ள குளுகுளுன்னு இருக்கும். செத்த நேரம் பாத்துட்டுப் போங்கத்தா, காசு பணம் ஒண்ணும் கெடையாது" என்று உள்ளே விட்டார்.

கூடத்தில் அன்றைக்கு இருந்த மாதிரி சத்தம் நான் கேட்டதில்லை.

"ஏன்டி, இதுக்கு என்ன பேரு?"

"தலைப்பில்லையாம்."

"அதுக்கு?"

"அதுக்கும் இல்லையாம்."

"பத்தும் பெத்துட்டு ஒண்ணுக்காச்சும் பேரு வைக்க வேணாமா அந்தப் பொம்பள?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வெளியே காட்டவில்லை.

அவர்களில் வயசானவர் ஒருத்தர் ஏழாம் எண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டார். கொத்திய பக்கத்தைத்தான் பார்த்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு செவ்வந்தியை எடுத்துக் கல்லின் அடியில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். தடுக்க வேண்டியது என் வேலை. வாய் வரவில்லை. அந்த நேரம் ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்து கல்லைக் கட்டிப்பிடித்தது. கையில் கோயில் லட்டு. அதன் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போனபிறகு பூவை ஒரு தாளில் எடுத்தேன். கொத்திய பக்கத்தில் பிள்ளையின் கை அஞ்சு விரலோடு நெய்யாகப் பதிந்திருந்தது.

அங்கேயே நிறுத்தி, பார்த்ததை நோட்டில் எழுதியிருந்தால் போதும். சார் அன்றைக்கு மதியம் வெளியே போயிருந்தார். அவர் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிரஷ்ஷால் தட்டினேன், போகவில்லை. ஈரத் துணியால் ஒற்றினேன். தண்ணீர் காய்ந்ததும் கை அப்படியே இருந்தது. அதைச் சுற்றி வேறு வெள்ளையாகத் திட்டு. கல்லைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்போதுதான் அலமாரி ஞாபகம் வந்தது. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றிய மிச்ச நல்லெண்ணெய் அதில் இருந்தது. சாவி என்னிடம். பாட்டில் மூடியில் ஊற்றிப் பஞ்சில் நனைத்துக் கறை மேலே சீராகத் துடைத்தேன்.

தடவியதும் நன்றாகத்தான் இருந்தது. வெளுப்பு போய்க் கல் கறுத்துக் குளிர்ந்தாற்போல் ஆனது. விரல் அடையாளமும் தெரியவில்லை. ரெண்டு நிமிஷம் எனக்குச் சந்தோஷம். பிறகு பார்த்தால் எண்ணெய் ஓரத்தில் நிற்காமல் உள்ளே இறங்கிப் பரவுகிறது. உள்ளங்கை அகலம் இருந்தது சாப்பாட்டுத் தட்டு அகலமாகிவிட்டது. துடைத்தேன், பஞ்சால் ஒற்றினேன். கல் குடித்ததைத் திருப்பித் தரவில்லை.

சாயங்காலம் நோட்டை எடுத்தேன். ஏழாம் எண். காலையில்: நன்று. மாலையில்: பின்பக்கம் எண்ணெய்க் கறை. கை பட்டதா: இல்லை.

அந்த 'இல்லை'யை எழுதும்போது எழுத்து ஒழுங்காகத்தான் வந்தது. அதைத்தான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சார் மறுநாள் காலையில்தான் வந்தார். முழங்காலில் உட்கார்ந்து கல்லை மோந்து பார்த்தார். "நல்லெண்ணெய்" என்றார். எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். ரெண்டு தடவை. டிரஸ்ட் செயலாளருக்குப் போன் போனது, அவரே வந்துவிட்டார். அவர் சத்தமாகப் பேசுகிற ஆள். வாசலில் இருந்தே கேட்டது.

"கோயில்ல இருந்து வந்த கூட்டத்தை யாரு உள்ள விட்டது? எண்ணெய்ப் பாட்டில், பூ, எல்லாத்தோடயுமா? இது என்ன சாமி கும்பிடுற எடமா?"

மாரியப்பண்ணன் தலையைக் குனிந்து நின்றார். அவரைத் திங்கட்கிழமையோடு நிறுத்திவிடுவது, இனிமேல் கடிதம் இல்லாமல் கிராமத்துக் கூட்டத்தை உள்ளே விடுவதில்லை என்று செயலாளர் சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டுக்கு அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

பகலில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் அவர் என்னிடம் கேட்டார். "ஏம்மா தங்கச்சி, நீ உள்ளதான நின்ன? ஊத்துனதைப் பார்த்தியா?"

"கவனிக்கலண்ணே."

"அந்தப் பெரியம்மா பையில எண்ணெய்ப் பாட்டில் இருந்துச்சு, நான் பார்த்தேன். ஆனா மூடி தெறக்காம சுத்தமா இருந்துச்சே. போகும்போதும் நெறஞ்சுதான் இருந்துச்சு." தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு, "நான் சொன்னா யாரு கேக்கப் போறா. வாச்மேன் பாட்டில் பார்த்த கதைன்னு சிரிப்பாங்க" என்றார். அவரே சிரித்தார். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிற்பி அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர் இருக்கலாம். விரல் முட்டியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டதெல்லாம் இதுதான்.

"என்ன எண்ணெய்? எப்ப பட்டுச்சு? எவ்வளவு? கூட மஞ்சள், நெய் எதுவும் சேர்ந்திருக்கா?"

"நல்லெண்ணெய்னு வாசனையில தெரியுது. மத்தது தெரியலம்மா. வந்தவங்க யாரோ" என்றார் சார்.

"தெரியாம மருந்து வச்சா கறை உள்ளயே இறுகிப் போகும் சார். ஒண்ணும் தெரியலேன்னா இந்தப் பக்கம் முழுசையும் மறுபடி கொத்தி எடுக்கிறதுதான் வழி." அந்தக் கொத்தலைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார். "அஞ்சு மாசம் கொத்துனது."

நான் துடைப்பத்தோடு கதவு ஓரத்தில் நின்றேன். சொல்ல வேண்டும் என்று ரெண்டு அடி எடுத்து வைத்தேன். சிற்பி அம்மா நிமிர்ந்து பார்த்ததும் குனிந்து பெருக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பேரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அறைக்குப் போனேன். நோட்டை எடுத்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். 'இல்லை'யை ஒரு கோடு போட்டு அடித்தேன். அழிக்கக் கூடாது, அடித்தால் அடித்தது தெரிய வேண்டும் என்பது சார் போட்ட ஒழுங்கு. பக்கத்தில் எழுதினேன். 'ஆம். என் கை. வெள்ளி மதியம் ரெண்டு மணி. பிள்ளை கையில் இருந்த லட்டு நெய் பட்டது. அதை எடுக்க முதலில் தண்ணீர், பிறகு குத்துவிளக்கு நல்லெண்ணெய், பச்சையாக, பஞ்சில். ரெண்டு மூடி. மாரியப்பன் அண்ணனும் அந்த அம்மாக்களும் ஊற்றவில்லை.'

கட்டம் போதவில்லை. ஓரத்தில் வளைத்து வளைத்து எழுத வேண்டியிருந்தது.

கொண்டுவந்து சார் கையில் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மூடின்னா, பாட்டில் மூடியா?"

தலையாட்டினேன்.

"ரெண்டா, மூணா?"

ரெண்டு விரலைக் காட்டினேன். பிறகு மூணாக்கினேன்.

"மூணுன்னு திருத்து" என்றார். திருத்தினேன். நோட்டைச் சிற்பி அம்மாவிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, "ரெண்டு நாள்தான் ஆகுது. பச்சை எண்ணெய். எடுத்துடலாம், முழுசா இல்லேன்னாலும்" என்றார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஊத்துனீங்க?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் ரெண்டாவது தடவை கேட்கவில்லை.

வைத்தியத்தை என்னையே செய்யச் சொன்னார். அவர் கொண்டுவந்த வெள்ளைக் களிமண் பொடியைப் பெயின்ட் தின்னரில் குழைத்துத் தோசை மாவு பதத்துக்குக் கொண்டுவந்து, கறை மேலே விரல் கனத்துக்கு அப்பி, பாலிதீன் தாளால் மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்ட வேண்டும். சுளுக்குக்குப் பத்துப் போடுவது மாதிரிதான். மறுநாள் தாளை எடுத்துக் காய விட்டால் பொடி எண்ணெயை இழுத்துக்கொண்டு மஞ்சளாக வரும். மரக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். ஆறு தடவை செய்தோம். கண் எரியும், தலை வலிக்கும். தினமும் கறை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. தட்டு அகலம் இருந்தது கிண்ணமானது. கடைசியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நிழல் மட்டும் நின்றுவிட்டது. அதற்குமேல் போகவில்லை. "இது இருக்கட்டும்" என்று அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மாரியப்பண்ணன் வேலையில் இருந்தார். கூட்டத்துக்குக் கடிதம் கேட்கும் பேச்சும் அதோடு நின்றது. வைத்தியம் முடிந்ததும் என்னை ஒரு மாசம் உள்ளே வரக் கூடாது என்று வெளிவேலைக்குப் போட்டார்கள். அது சரிதான். பொய் எழுதியதற்கு அது குறைவுதான். அந்த ஒரு மாசமும் நோட்டை வேறு ஒருத்தர் எழுதினார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் நாலு நாள் என்னோடு பேசவில்லை. அஞ்சாம் நாள் டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வரலண்ணே."

"அதுவும் சரிதான். இத்தனை வருஷத்துல டீ வேணும்னுகூட நீ வாயைத் தொறந்து கேட்டதில்ல" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் அடியில் சார் என்ன எழுதியிருக்கிறார் என்று பிறகு ஒருநாள் பார்த்தேன். 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து. என் திருத்தத்துக்குக் கீழே, அன்றைய தேதியோடு, இன்னொரு 'பார்த்தேன்'. அதற்குமேல் ஒரு எழுத்துக்கூட இல்லை. அதன்பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் அந்தக் கட்டத்தில் நான் பொய் எழுதியதில்லை. சார் இப்போது இல்லை.

செல்வி கூப்பிட்டதால் போன வாரம் போனேன். பின்வாசல் பக்கமே கால் போனது. அவள்தான் கையைப் பிடித்து முன்வாசலுக்குக் கூட்டி வந்தாள். உள்ளே போகும் முன் வளையலைக் கழற்றப் போனேன். "அக்கா, நீங்க இன்னிக்குப் பார்க்க வந்தவங்க" என்றாள். இப்போது நோட்டு கிடையாது. காலையிலும் மாலையிலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே கேமரா இருக்கிறது.

ஏழாம் எண் அதே இடத்தில் நின்றது. நேராகக் கொத்திய பக்கத்துக்குப் போனேன். கண் சரியில்லை, கிட்டப் போய்த்தான் பார்க்க முடிந்தது. இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு, கொஞ்சம் மங்கி. போகவில்லை என்று வருத்தமும் இல்லை, இருக்கிறது என்று சந்தோஷமும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தது.

பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் செல்போனைப் பிடித்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். "இந்தா பாரு, இந்த எடம் மட்டும் கறுப்பா இருக்குல்ல? வேணும்னே விட்டிருக்காங்க. கல்லுக்குள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம்."

"அது எண்ணெய்ங்க" என்றேன்.

சொன்னது நானா என்று எனக்கே தெரியவில்லை. ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எண்ணெயா? யாரு ஊத்துனா?" என்றார் அவர்.

"நாந்தான்."

அவர் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஏன் ஊத்துனீங்க?" என்றாள்.

சிற்பி அம்மா கேட்டபோது எங்கேயோ போய் ஒளிந்துகொண்ட பதில் இப்போது சும்மா வந்தது.

"காஞ்சு கெடந்துச்சும்மா."

அவள் கல்லைப் பார்த்தாள். கொத்தி வெளுத்துக் கிடந்த பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஆமாம் என்பது மாதிரி தலையை ஆட்டினாள்.

வெளியே வரும்போது வாசல் மேசையில் பார்வையாளர் புத்தகத்தைச் செல்வி திருப்பி வைத்தாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் எழுதுவதற்காக நான் விரித்து வைத்த புத்தகம். பேரும் ஊரும் எழுதினேன். கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, தெரிந்ததை எழுதினேன்.

ஏழாம் எண். பார்த்தேன். கை பட்டதா: இல்லை.